வெண்புள்ளியும் ஈரல் நோயும்

வெண்குட்டம் என்னும் சொல் நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அந்நோயினால் விளைந்த துன்பத்திலும் அச்சொல்லினால் விளைந்த துன்பமே பெரிதென்பது நமது எண்ணம். தோலின் நிறம் ஓரிடத்தில் நீங்கி வெண்மையாவதற்கும் குட்டநோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. குட்டநோய் ஒரு கிருமியினால் வருவது. அதனால் உண்டாகும் வெளிறிய திட்டில் உணர்ச்சி குன்றியிருக்கும். வெண்புள்ளியிலோ தொட்டால் தெரியும்; ஊசி குத்தினால் நோகும்; வெயில் பட்டால் எரியும். நிறம் ஒன்றுதான் இல்லை. தொட்டவருக்கு அது தொற்றுவதுமில்லை. (குட்டநோயும் இக்காலத்தில் மருந்தினால் முற்றாகக் குணமாவதே. அந்நோயாளரை விலக்கி வைப்பதற்கும் இன்று நியாயமில்லை என்பதை இடையிலே சொல்லி வைக்கின்றோம்.)

இவ்வளவு தெளிவாக இருந்தும், வீட்டில் ஒரு பெண்பிள்ளையின் கையிலோ உதட்டோரத்திலோ வெள்ளை கண்டால் முதலில் நிகழ்வது என்ன? நீண்ட கைச்சட்டை தைக்கப்படுகின்றது. அயலவர் கேட்டால் சுடுநீர் பட்டது என்று சொல்லப் பிள்ளைக்குப் பழக்கப்படுகின்றது. சம்பந்தம் பேச வருவோர் காதுக்கு எட்டிவிடுமோ என்னும் அச்சத்தினால், ஊர் வைத்தியசாலைக்குப் போவதும் ஒத்திவைக்கப்படுகின்றது. எங்கோ தூரத்தில் யாரோ கொடுக்கும் சூரணமும் எண்ணெயும் இரவோடிரவாக வீட்டுக்கு வருகின்றன. இந்த ஒளிப்பு மனத்தை வருத்துவதோடு நிற்குமாயின், அதைப்பற்றி எழுத வேறு பலர் உளர். அது உடலையும் கெடுக்கக் கூடும் என்பதனாலேயே நாம் இவ்வாரம் இதனை எடுத்துக்கொண்டோம்.

அண்மையில் வாசகியொருவர் நமக்கு எழுதியிருந்தார். அவருடைய மகளுக்கு வயது பத்தொன்பது. பதினைந்தாம் வயதில் முழங்கையிலும் கண்ணிமையோரத்திலும் வெள்ளை கண்டது. சென்ற சில மாதங்களாக ஓயாத களைப்பு, மூட்டுகளில் நோவு, பின்னர்க் கண்ணும் மஞ்சளித்தது. செங்கண்மாரி என்று எண்ணிக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். மஞ்சள் குறைந்தது, களைப்புக் குறையவில்லை. பின்பு குருதியைச் சோதித்த வைத்தியர், ஈரலிலே அழற்சி இருக்கின்றது, ஆனால் வைரசு எதனையும் காணவில்லை என்றார். அதனைச் சொல்லிவிட்டு, பிள்ளையின் முழங்கையைத் திருப்பிப் பார்த்து, “இது எவ்வளவு காலமாக?” என்று கேட்டாராம். ஈரலைப் பார்க்க வந்தவர் தோலைப்பற்றி ஏன் கேட்க வேண்டும் என்பதே அத்தாயாரின் வினா. பூசிய மருந்து உள்ளே இறங்கி ஈரலைக் கெடுத்துவிட்டதோ என்று அவர் அஞ்சுகின்றார்.

அந்த வைத்தியர் கேட்டது பொருத்தமான கேள்வி. அதன் பொருளை விளக்குவதற்கு முதலில் தோலிலிருந்து தொடங்குவோம்.

நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்னும் நிறமி. அதனை ஆக்குவதற்கென்றே தோலின் மேற்படையின் அடியில் நிறமிக்கலங்கள் இருக்கின்றன. இக்கலங்கள் ஓரிடத்தில் அழிந்துபோனால் அவ்விடம் வெளுக்கின்றது. வெண்புள்ளி என்பது இவ்வளவே. உலக மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கோ அதனிலும் சற்றுக் குறைவானவர்களுக்கோ இது உண்டு. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இருபது வயதுக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே அளவில் வருவது. நம்போன்ற கருந்தோலினரில் பளிச்சென்று தெரிவதனால் நம்மவர்க்கே உரிய நோய்போல் தோற்றுகின்றது. மீனும் பாலும் சேர்த்து உண்டதனால் வந்தது என்பது பாட்டிமார் சொல்லும் காரணம். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

அப்படியானால் நிறமிக்கலங்களைக் கொல்வது யார்? கிருமியன்று; நஞ்சுமன்று, பெரும்பாலும். அந்த மனிதனுடைய சொந்தக் காவற்படையே கொல்கின்றது. குருதியிலுள்ள வெண்கலங்களுள் ரி-கலம் என்பது ஒருவகை. வைரசு புகுந்த கலத்தைத் தேடிப் பிடித்து அழிப்பது அதன் தொழில். வெண்புள்ளியுடையவரின் உடலில் இந்த ரி-கலங்களிற் சில, குற்றமற்ற நிறமிக்கலங்களைப் பகைவராகக் கருதி வேட்டையாடுகின்றன. ஊருக்குக் காவல் நிற்கும் நாய் வீட்டுப் பிள்ளையையே கடிப்பது போன்றது இது. நிர்ப்பீடனம் என்று நாம் பாடநூல்களில் படிக்கும் அந்தப் பாதுகாப்பு முறை, தன்னைத் தானே தாக்குவதனால் வரும் நோய்கள் இன்று எண்பதுக்கு மேல் அறியப்பட்டுள்ளன. இவற்றைத் தன்னுடல் தாக்கும் நோய்கள் என்போம்.

உடல் தன்னைத் தானே தாக்கும் என்பதை அறிஞர் உலகம் இலகுவில் ஒப்புக்கொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் பேர்பெற்ற அறிஞர் பௌல் ஏர்லிக், அவ்வாறு நிகழாதபடி உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் என்று கூறினார். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பினால் அரை நூற்றாண்டு காலம் பலர் அந்தத் திசையிலே நோக்கவேயில்லை. பெரியோர் சொல்லுக்கு அஞ்சி உண்மை காத்திருப்பது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று போலும்! 1956 இல் இலண்டனில் ஐவன் றொயிற், டெபொரா டொனியக் முதலியோர், கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி வீங்கும் ஒரு நோயில், அச்சுரப்பிக்கு எதிரான பொருள் நோயாளியின் குருதியிலேயே இருப்பதைக் கண்டார்கள். அந்த நோயை 1912 இலேயே விவரித்தவர் யப்பானிய வைத்தியர் ஹசிமொட்டோ. காரணம் தெரிவதற்கு 44 ஆண்டுகள் சென்றன.

ஈரலின் கதையும் இதே காலத்ததுதான். 1950 இல் சுவீடன் நாட்டு வைத்தியர் யான் வால்டன்ஸ்திரம், இளம்பெண்களுக்கு வரும் ஒரு விசித்திரமான நாட்பட்ட ஈரலழற்சியை விவரித்தார். மதுவைத் தொட்டறியாத பெண்கள், மாதவிலக்கு நின்றுவிடும், குருதியில் காமாக் குளோபுலின் என்னும் புரதம் அளவுக்கு மிஞ்சி ஏறியிருக்கும். 1956 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் இயன் மக்காய் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இத்தகைய நோயாளரின் குருதியில், அவர்களுடைய சொந்தக் கலக்கருக்களுக்கே எதிரான பொருள் இருப்பதைக் காட்டினர். 1965 இல் தன்னுடல் தாக்கும் ஈரலழற்சி என்ற பொருள்படும் பெயரை மக்காய் அந்நோய்க்கு இட்டார். இன்று வரையில் அதுவே பெயர்.

இது அரிய நோய். ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட கணக்குகளின்படி ஆண்டுதோறும் ஓரிலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்குப் புதிதாக வருகின்றது. ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்ற அளவில் பெண்களையே கூடுதலாகப் பிடிக்கின்றது. அரியது என்று விட்டுவிடத் தகாததற்குக் காரணம், தீராத வேறு ஈரல் நோய்களைப் போலன்றி இது மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுவது. இலண்டன் றோயல் பிறீ வைத்தியசாலையில் ஷீலா ஷெர்லொக் அம்மையாரும் அவரது குழுவினரும், இந்நோயுடையோரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் பிரெட்னிசொலோன் குளிசை கொடுத்து ஆராய்ந்து, 1971 இல் முதல் முடிவையும் 1980 இல் பிந்திய முடிவையும் வெளியிட்டனர். பத்து ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தோர், குளிசை பெற்றவருள் நூற்றுக்கு 63. பெறாதவருள் நூற்றுக்கு 27. வைத்தியத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டும் மருந்துகள் பல இல்லை. இன்றைய சிகிச்சையின் பயன் அதனிலும் மேலானது. ஆனால் நோயை அறிந்தால் அல்லவா மருந்து கொடுக்க முடியும்? முதன்முதலாக நோய் கண்டுபிடிக்கப்படும் வேளையிலேயே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு ஈரல் சுருங்கித் தழும்பேறிவிட்டிருக்கின்றது.

இனி, தோலையும் ஈரலையும் இணைக்கும் முடிச்சுக்கு வருவோம்.

நம் மார்பெலும்பின் பின்னே தைமசு என்னும் ஒரு சிறிய சுரப்பி உண்டு. ரி-கலங்களுக்கு அதுவே பள்ளிக்கூடம். அங்கே ஒவ்வொரு ரி-கலத்துக்கும் உடலின் பல்வேறு உறுப்புகளுக்குரிய புரதங்கள் காட்டப்படுகின்றன. எந்தக் கலம் அவற்றைக் கண்டு சீறுகின்றதோ அந்தக் கலம் வெளியே விடப்படாமல் அழிக்கப்படுகின்றது. பரீட்சையில் தேறாதவனுக்கு மறுமுறை எழுத இடமில்லாத பள்ளிக்கூடம்! இந்தப் பரீட்சையை நடத்துவதற்கு ஒரு பரம்பரையலகு தேவை. பின்லாந்து தேசத்திலும் சாடினியாத் தீவிலும் ஈரானிய யூதரிடையேயும் வேறிடங்களிலும் பார்க்கக் கூடுதலாகக் காணப்படும் ஓர் அரிய குடும்பநோயை ஆராய்ந்தபோது, 1997 இல் அந்தப் பரம்பரையலகு கண்டுபிடிக்கப்பட்டது. அது பழுதாய்ப் பிறந்த பிள்ளைகளில், தேறாத ரி-கலங்கள் கூட்டமாக வெளியேறிவிடுகின்றன. விளைவு என்ன? சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி தாக்கப்படுகின்றது. கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் தாக்கப்படுகின்றன. சிலருக்குத் தோல் வெளுக்கின்றது. சிலருக்கு ஈரலழற்சி உண்டாகின்றது. இரண்டும் ஒருங்கே வரப்பெற்ற பிள்ளைகளும் உளர். ஒரே ஒரு பழுதிலிருந்து தோலுக்கும் ஈரலுக்கும் தனித்தனி வழி பிரிவதை இயற்கையே இங்கு வரைந்து காட்டியிருக்கின்றது.

அது பிறவிக் குறைபாடு, மிக அரியது. சாதாரண மக்களில் நிகழ்வது அவ்வளவு முழுமையான பழுதன்று. தைமசிலிருந்து தப்பி வந்த ஒருசில முரட்டுக் கலங்கள் எல்லாருடைய உடலிலும் இருக்கின்றன; உங்களிடமும் இருக்கின்றன, நம்மிடமும் இருக்கின்றன. அவற்றை அடக்கி வைப்பதற்கென்று வேறொரு வகை ரி-கலங்கள் இருப்பதை 1995 இல் யப்பானிய அறிஞர் ஷிமொன் சகாகுச்சி காட்டினார். அவருக்கும் அமெரிக்கர் இருவருக்கும் 2025 ஆம் ஆண்டுக்குரிய வைத்திய நோபல் பரிசு கிடைத்தது அந்தத் துறை ஆராய்ச்சிக்காகவே. அடக்கும் கலங்கள் தளர்ந்தால் முரட்டுக் கலங்கள் தலைதூக்கும். அவை எந்த உறுப்பின்மேற் பாயும் என்பது அவரவர் பிறப்பையும் வாழ்க்கையில் நேர்ந்த தற்செயல்களையும் பொறுத்தது. ஒருவருக்குத் தைரொயிட்டு, இன்னொருவருக்குக் கணையம், மற்றொருவருக்குத் தோல், சிலருக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் ஒருவகைப் புதிய மருந்துகள், புற்றுக் கலங்களை நேரே கொல்வதில்லை. ரி-கலங்களின் கடிவாளத்தைக் கழற்றிவிடுகின்றன. கடிவாளம் கழன்ற ரி-கலங்கள் புற்றைத் தாக்குகின்றன. இவ்வழியைக் கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹொன்ஜோ ஆகிய இருவரும் 2018 இல் நோபல் பரிசு பெற்றார்கள். மெலனோமா என்னும் கொடிய தோற்புற்றுக்கு இம்மருந்தைப் பெறுவோரிற் சிலருக்குத் தோல் ஆங்காங்கே வெளுக்கின்றது; சிலருக்கு ஈரலழற்சி வருகின்றது; சிலருக்குத் தைரொயிட்டுக் கெடுகின்றது. நோயாளியின் உணவு மாறவில்லை, பூர்வசன்மம் மாறவில்லை. கடிவாளம் ஒன்றே கழன்றது. இதிலே வியப்பு யாதெனில், அவ்வாறு வெளுத்தவர்கள் மற்றையோரிலும் கூடிய காலம் உயிர்வாழக் காணப்பட்டதே. தோல் வெளுத்தால் நல்லது நடக்கின்றது என்று வைத்தியர் மகிழும் இடமும் உலகில் ஒன்று உண்டு.

ஆகவே நமக்கு எழுதிய தாயாரின் கேள்விக்கு மறுமொழி இது: தோலின் நோய் ஈரலுக்கு இறங்கவில்லை. இரண்டும் ஒரே வேரிலிருந்து எழுந்த இரு கிளைகளாக இருக்கக் கூடும். வைரசு இல்லாத ஈரலழற்சியுடைய ஒருவரிடம் வெண்புள்ளியையோ தைரொயிட்டு நோயையோ காணும் வைத்தியருக்கு, இந்த ஈரலையும் சொந்தக் காவற்படைதான் தாக்குகின்றதோ என்ற ஐயம் வலுக்கின்றது. பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் கூடுதலாக வரும் இரண்டாம் வகைத் தன்னுடல் தாக்கும் ஈரலழற்சியில், வெண்புள்ளியும் நீரிழிவும் தைரொயிட்டு நோயும் கூடி நிற்பது வைத்திய நூல்களில் எடுத்துச் சொல்லப்பட்டுள்ளது. முழங்கையை மறைத்துக்கொண்டு போயிருந்தால் அந்த வைத்தியருக்கு அந்தத் துப்புக் கிடைத்திராது.

இதனை வாசித்துவிட்டு, வெண்புள்ளியுள்ள பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் ஈரலுக்காகக் கலங்கத் தேவையில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், வெண்புள்ளியுடையவருக்கு ஈரல் தாக்கப்படுவது மிக அரிது. கூடுதலாகத் தாக்கப்படுவது தைரொயிட்டுச் சுரப்பி. ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி கணக்கு வேறுபடினும், பத்துப் பேரில் ஒருவருக்கோ ஐந்தாறு பேரில் ஒருவருக்கோ அது காணப்படுகின்றது. சோம்பல் என்று திட்டு வாங்கும் பிள்ளை, காரணமின்றி உடல் பருக்கும் பெண், எப்பொழுதும் குளிருகின்றது என்பவர், இவர்களுக்குத் தைரொயிட்டுக் குறைந்திருக்கலாம். ஒரு சிறு குருதிப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். நாளுக்கு ஒரு குளிசையில் சரியாகிவிடும். வெண்புள்ளி கண்டவர்கள் ஒருமுறை அந்தப் பரிசோதனையைச் செய்வித்துக்கொள்வது நன்று. ஈரற் பரிசோதனை, களைப்பு, மஞ்சட் கண், கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீர், காரணமற்ற மூட்டுநோ, மாதவிலக்குத் தடைப்படல் போன்ற குறிகள் இருந்தால் தேவைப்படும்.

தோலும் ஈரலும் ஒரே ஆளிடத்துச் சேர்ந்து நோயுறுவதற்கு வேறு வழிகளும் உண்டு. அவற்றை அறிந்தால்தான் தாயாரின் அச்சத்தில் எவ்வளவு நியாயம் என்பது விளங்கும்.

1975 இல் ஜேர்மனியிலும் 1977 இல் இங்கிலாந்திலும் இரண்டு அறிக்கைகள் வந்தன. பசைகளுக்கும் பிசின்களுக்கும் வேண்டிய ஓர் இரசாயனப் பொருளை ஆக்கும் தொழிற்சாலைகளில் வேலைசெய்த ஆண்களுக்குக் கைகள் வெளுத்தன. கையோடு நின்றதா? வைத்தியர் சோதித்தபோது சிலருக்கு ஈரலும் பழுதாகியிருந்தது. கழுத்திலே தைரொயிட்டும் வீங்கியிருந்தது. தோல், ஈரல், தைரொயிட்டு என்னும் அந்த மூன்றும் இங்கேயும் வந்து நிற்பதைக் கவனிக்கவேண்டும். பியூற்றைல் பீனோல் என்னும் அந்தப் பொருள், நிறமி ஆக்குவதற்குரிய மூலப்பொருளைப் போன்ற உருவமுடையது. நிறமிக்கலம் அதனை உண்டு ஏமாந்து சேதமுறுகின்றது. இறப்பர்க் கையுறையிலிருந்த வேறொரு சரக்கினால் அமெரிக்கத் தொழிலாளரின் கை வெளுத்த செய்தி 1939 இலேயே எழுதப்பட்டது. 2013 இல் யப்பானில், தோலை வெண்மையாக்கும் என்று விற்கப்பட்ட பூச்சினால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வெண்திட்டுகள் உண்டாகி, அப்பூச்சுகள் கடைகளிலிருந்து மீட்கப்பட்டன. நிறத்தை விலைக்கு வாங்கப் போனவர்களுக்கு வேண்டிய அளவுக்கு மேலாகவே நிறம் கிடைத்தது! நம்மூர்க் கடைகளில் பெயர் விபரமின்றி விற்கப்படும் சிவப்பழகுப் பூச்சுகளை வாங்கும் சகோதரிகள் இதனை மறவாதிருப்பார்களாக.

அடுத்தது கார்போகரிசி. நம்முடைய வைத்தியமுறைகளில் வெண்புள்ளிக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் மருந்து இது. இதனை இகழ்வாகப் பேசுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. இந்த விதையிலுள்ள சொறலென் என்னும் பொருள் தோலில் ஏறியபின் வெயில் பட்டால் நிறம் திரும்பத் தூண்டப்படும் என்பது உண்மையே. 1948 இல் எகிப்தின் வைத்தியர் எல் மொவ்தி, அந்நாட்டு மூலிகையொன்றிலிருந்து எடுத்த இத்தகைய பொருளைக் கொண்டே நவீன வெயிற் சிகிச்சைக்கு அடிகோலினார். ஆயின் வயிற்றுக்குள் போகும் கார்போகரிசி ஈரலைத் தாக்கக் கூடும் என்பதும் இன்று எழுத்தில் வந்துவிட்டது. ஜேர்மனியில் வெண்புள்ளிக்காக ஆயுர்வேத மருந்துகளை மாதக்கணக்கில் உட்கொண்ட ஒரு பெண்மணிக்குக் கடுமையான ஈரலழற்சி வந்ததும், மருந்தை நிறுத்தியபின் குணமானதும் 2009 இல் பிரசுரமாயிற்று. அவற்றுள் ஒன்று கார்போகரிசி. வேறு நாடுகளிலிருந்தும் இவ்வகைச் செய்திகள் உண்டு.

எனவே தாயாரின் அச்சம் முற்றும் பொய்யன்று. வெளியே பூசியது ஈரலுக்குப் போவது அரிது. ஆனால் உள்ளே கொடுத்தது போகும். அவர் தம் கடிதத்தில் பூசியதை மட்டும் எழுதியிருக்கின்றார். பெண்ணுக்கு வாய்வழியே ஏதேனும் சூரணமோ கசாயமோ கொடுக்கப்பட்டிருக்குமாயின், வெட்கத்தை விட்டு, பொட்டலத்தோடு வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மருந்தினால் வந்த ஈரலழற்சியும் தன்னுடல் தாக்கும் ஈரலழற்சியும் நுணுக்குக்காட்டியின் கீழும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். சொல்லாவிட்டால் வைத்தியருக்குப் பிரித்தறிவது கடினம்.

மூன்றாவது வழி இப்பொழுது பெரும்பாலும் அடைபட்டுப் போன வழி. 1989 இல் சீ வகை ஈரல் வைரசு கண்டுபிடிக்கப்பட்டபின், அதற்கு இன்ரபெரோன் என்னும் ஊசி பல ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. காவற்படையை முடுக்கிவிடும் மருந்து அது. சில நோயாளருக்கு வைரசு போயிற்று. கூடவே தோல் வெளுத்தது, தைரொயிட்டுக் கெட்டது. 2013 தொடக்கம் வந்த குளிசைகள் வைரசையே நேராகத் தாக்குவதால், எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். ஊசியின் தேவை அற்றுப்போயிற்று. நம் நாட்டில் பீ, சீ ஆகிய இரண்டு வைரசுகளும் அயல்நாடுகளிலும் பார்க்கக் குறைவு; பீ வகைக்கான தடுப்பூசி 2003 தொடக்கம் நம் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு வருகின்றது. அதற்கு முன் பிறந்தவர்கள், பிரெட்னிசொலோன் போன்ற மருந்தைத் தொடங்குமுன் பீ வைரசுக்கான குருதிப் பரிசோதனையைச் செய்வித்துக்கொள்வது அவசியம். உறங்கிக் கிடக்கும் வைரசை அம்மருந்து எழுப்பிவிடக் கூடும்.

கீழ்க்காய்நெல்லியைப் பற்றியும் ஒரு சொல். நம் வீடுகளில் செங்கண்மாரிக்கு அதுவே முதல் மருந்து. அநேகமாக மாறியும் விடுகின்றது. மாறுவதற்குக் காரணம், அழுக்கு நீரால் வரும் ஏ வகை ஈரலழற்சி எவ்வித மருந்தும் இன்றித் தானாகவே சில வாரங்களில் மாறுவது. புகழ் மூலிகைக்குப் போகின்றது. தன்னுடல் தாக்கும் ஈரலழற்சியோ வந்துவந்து மறையும் இயல்புடையது. மஞ்சள் வற்றியதும் நோய் போய்விட்டதென்று எண்ணிவிடுகின்றோம்; உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருக்கும். ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் ஈரலழற்சி எதுவாயினும், நாவிலோ கண்ணிலோ நிறம் பார்த்து முடிவுகட்டத் தக்கதன்று. குருதியில் ஈரல் நொதியங்கள், காமாக் குளோபுலின், சொந்தக் கலங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் ஆகியவற்றைப் பார்த்து, ஊசியினால் ஈரலின் சிறு துண்டொன்றை எடுத்துச் சோதித்தே முடிவு செய்வார்கள். ஈரலில் ஊசி குத்துவது என்றதும் நம்மவர் ஓடிவிடுகின்றனர். மரக்கச் செய்து எடுப்பது. பெரும்பாலோர் அடுத்த நாளே வீடு திரும்புகின்றனர்.

சிகிச்சை தொடங்கினால் முதலிற் பிரெட்னிசொலோன். பின்பு அசதையப்பிரின் என்னும் குளிசை சேர்க்கப்பட்டு முன்னையது குறைக்கப்படும். முகம் பருக்கும், பசி கூடும், சிலருக்குச் சீனி ஏறும். இளம்பெண்கள் முகம் வட்டமாவதைக் கண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிடுவதுண்டு. இதைவிட ஆபத்தான செயல் இந்நோயில் வேறில்லை. நிறுத்தினால் அழற்சி திரும்புவதோடு, நெடுநாள் அம்மருந்தை உண்டு பழகிய உடல் திடீரென்று சோர்ந்து விழவும் கூடும். முகம், மருந்தின் அளவு குறையும்போது பழையபடியாகிவிடும்.

தோலுக்கும் இக்காலத்தில் வழியில்லாமற் போகவில்லை. ஒடுங்கிய அலைநீளமுள்ள ஊதா கடந்த ஒளியைக் கிழமைக்கு இரண்டு மூன்று முறை காட்டும் சிகிச்சை 1997 முதல் வெண்புள்ளிக்கு வழக்கில் உள்ளது. ரி-கலங்களின் இரசாயனச் செய்தியைத் தடுக்கும் ஒரு பூச்சுமருந்தை 2022 இல் அமெரிக்க அரசு இந்நோய்க்கென்றே அங்கீகரித்தது. விலை இன்னும் நம்மவர் கைக்கு எட்டாதது. முகத்தில் நிறம் இலகுவில் திரும்பும். விரல் நுனியிலும் உதட்டிலும் திரும்புவது கடினம். தொடங்கிய காலத்திலேயே போனால் பயன் கூடுதல். ஒளித்து வைத்த ஆண்டுகளை எந்த ஒளியும் திருப்பித் தராது.

கலியாணம் பேசுவோர் கேட்கும் கேள்விக்கும் கணக்கோடு மறுமொழி சொல்லலாம். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு 23 தடவை மட்டுமே என ஓர் ஆய்வு கண்டது. பரம்பரையலகு அனைத்தும் ஒன்றாயிருப்பவர்களுக்கே நான்கிலொன்றுக்குக் குறைவு. பெற்றோரில் ஒருவருக்கு உண்டென்றால், பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு வருவதேயில்லை. நீரிழிவும் இருதயநோயும் இதனிலும் கூடுதலாகக் குடும்பத்தில் ஓடுகின்றன. அவற்றுக்காகச் சாதகத்தைத் திருப்பி அனுப்பிய வீட்டை நாம் இன்னும் காணவில்லை.

தன்னுடல் தாக்கும் ஈரலழற்சியுடைய பெண் பிள்ளை பெறலாமா என்றும் அத்தாயார் கடைசி வரியில் கேட்டிருந்தார். பெறலாம். நோய் அடங்கி ஓராண்டு ஆனபின், வைத்தியரோடு கலந்து கருத்தரிப்பது நல்லது. அப்படிப் பெற்ற தாய்மார் பலர். கருவுற்றதும் தாமாகவே குளிசையை நிறுத்திவிடக் கூடாது. கருவுற்றிருக்கும் காலத்தில் நோய் பெரும்பாலும் அடங்கியிருந்து, பிள்ளை பிறந்தபின் முதற் சில மாதங்களிலேயே தலைதூக்கும் இயல்புடையது. ஆதலால் பத்தியம், மருந்துத் தண்ணீர் என்று வீடு முழுவதும் குழந்தையைச் சுற்றி நிற்கும் அந்த நாட்களில், தாயினுடைய குருதியையும் சில வாரங்களுக்கு ஒருமுறை சோதிக்கக் கொண்டுபோக வேண்டும்.